கேட்பாரற்ற உடல்கள்

ஒபதையா கிரேக் சாகக் கிடந்தபோதும் அவர் வாய் ஓயவில்லை. வாழ்நாளெல்லாம் தேம்ஸ் நதியில் படகு தள்ளிய மனிதர். அக்கரையில் நிற்பவனுக்குக் கேட்கும்படி பேசியே பழக்கம். தென்கரை ஏழை விடுதியின் நோயாளிக் கூடத்தில் படுத்துக்கொண்டு கஞ்சி நீர்த்துப்போச்சு என்று அவர் கத்தினால், கீழே கஞ்சி காய்ச்சியவள் அங்கிருந்தே பதிலுக்குத் திட்டுவாள்.

அந்தக் கூடத்தைப் பார்த்துக்கொண்டவள் டார்கஸ். அவளும் விடுதியில் ஒதுங்கியவள்தான். ஊரார் துணி வெளுத்து மகளை வளர்த்தாள், கட்டிக்கொடுத்தாள், பிறகு விரல்கள் மடங்காமல் போகவே இங்கே வந்து சேர்ந்தாள். குடிக்காதவள் என்பதற்காகவே நோயாளிகளை அவள் பொறுப்பில் விட்டிருந்தார்கள். அதற்குக் கூலி தனியாக ஒரு குவளை தேநீர், படுக்க ஒரு தடுப்பு மறைவு.

அன்று காலை கிழவர் அவளைக் கைகாட்டி அழைத்தார்.

"டார்கஸம்மா, இங்க வா. டேய் டோபிட், நீயும் இந்தப் பக்கம் திரும்பு. கண்ணுதானே போச்சு, காது இருக்குல்ல?"

பக்கத்துக் கட்டிலில் கிடந்த டோபிட் பழைய சிப்பாய். "உன் சத்தத்துல அதுவும் போயிரும்யா," என்றான்.

"கேட்டுக்குங்க ரெண்டு பேரும். நான் செத்தா என்னை வெட்டக் கூடாது. அந்த அறுவைப் பள்ளிக்கூடத்துக்கு என்னைத் தூக்கிக் கொடுக்கக் கூடாது. ரெண்டு சாட்சி முன்னால வேணாம்னு சொல்லிட்டா தொட முடியாதாம். சட்டத்துல இருக்காம்."

"உனக்கு யாருய்யா சட்டம் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டாள் டார்கஸ்.

"எத்தனை வக்கீல என் படகுல ஏத்தியிருக்கேன்! கூலியில பேரம் பேசுவானுங்க, சட்டத்த மட்டும் சும்மாவே பேசிட்டு வருவானுங்க." சிரிக்கப்போய் இருமினார். இருமல் அடங்கியதும் குரலும் அடங்கியிருந்தது. "என் பொண்டாட்டி ஜெமைமா ஆத்தோரக் கோயில் மண்ணுல இருக்கா. பக்கத்துல இடம் இருக்கு. வந்துடறேன்னு சொல்லியிருக்கேன். தாமசமா போனாலே திட்டுவா. துண்டு துண்டா போய் நின்னா என்ன சொல்லுவா?"

டார்கஸ் அவர் கையைப் பிடித்தாள். காய்ப்புக் காய்த்த, துடுப்பைப்போலவே கெட்டியான கை. "நான் சாட்சி. பயப்படாதீங்க," என்றாள்.

"நானும்தான்," என்றான் டோபிட். "இப்பவாச்சும் தூங்க விடு."

விடுதியில் எல்லோருக்குமே அந்தப் பயம் இருந்தது. கேட்க ஆளில்லாமல் இறக்கும் ஏழையின் உடலை வைத்தியம் பயில்கிற மாணவர்களுக்குக் கொடுத்துவிடலாம் என்று சட்டம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அதற்கு முந்தைய காலத்தையும் டார்கஸ் கண்டவள். புதைத்த குழியைத் தோண்டி உடலைத் திருடி விற்றார்கள். உடலுக்காகவே ஆளைக் குடிக்கவைத்து மூச்சை அடைத்தவர்களும் உண்டு. சட்டம் வந்தபின் அதெல்லாம் நின்றுபோனது. இறந்த பணக்காரர்கள் நிம்மதியாகக் குழிக்குள் கிடந்தார்கள். விடுதியில் இருப்பவர்கள்தான் தூங்கவில்லை.

கிழவர் சொன்னதை அவள் விடுதி மேலாளர் ட்ரஸ்காட்டிடம் சொன்னாள். அவர் மீசையைத் தடவினார். "ஒரு சாட்சி குருடன், இன்னொரு சாட்சி வண்ணாத்தி. சரி, டாக்டர்கிட்ட போய்ச் சொல்லு," என்றார்.

டாக்டர் ஹாலிஸ் முப்பதைத் தாண்டாதவர். விடுதிக்கு வைத்தியம் பார்ப்பவரும் அவர்தான், அறுவைப் பள்ளியில் பாடம் சொல்பவரும் அவர்தான். டார்கஸுக்கு அவரிடம் பக்தியே உண்டு. மகள் கெசையாவின் வயிற்றில் பிள்ளை குறுக்கே சிக்கி, மருத்துவச்சி கைகழுவிவிட்டுப் போனபோது, மழையில் நடந்தே வந்தவர் அவர். கண் எட்டாத இடத்தில் அவர் கைக்கு வழி தெரிந்திருந்தது. பிள்ளையைத் திருப்பி வெளியே எடுத்தார். தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. கொடுத்ததை வாங்கிக்கொள்ளவும் மாட்டேன் என்று போய்விட்டார்.

அவர் டார்கஸை மருந்தறையில் உட்காரவைத்து, மறைக்காமல் பேசினார்.

"அவர் பயம் எனக்குப் புரியுது. ஆனா செத்தப்புறம் அவருக்கு வலிக்கப்போறதில்ல, தெரியப்போறதும் இல்ல. எங்க பள்ளியில இருபது பசங்க படிக்கிறாங்க. இவங்க நாளைக்கு ஊரெல்லாம் கத்தியத் தூக்கிட்டுப் போகப்போறவங்க. செத்த உடம்புல கத்துக்கலன்னா உயிரோட இருக்கிற உடம்புலதான் கத்துப்பாங்க. அது யார் உடம்பு? இதே ஏழைங்க உடம்பு."

"வாக்குக் கொடுத்துட்டேன், டாக்டரய்யா."

"வாக்கு எதுக்கும்மா? மனுஷங்களுக்கு நல்லது நடக்கத்தானே? எது நிறையப் பேருக்கு நிறைய நன்மை செய்யுதோ அதுதான் சரி, அதுக்கு மேல ஒரு சரி கிடையாதுன்னு நான் நம்பறேன். நீங்க வாக்கக் காப்பாத்தினா உயிரோட இருக்கிற ஒருத்தருக்காவது நன்மை உண்டா?"

டார்கஸுக்கு அது தவறான பேச்சாகத் தெரிந்தது. எந்த இடத்தில் தவறு என்று கையை வைக்க முடியவில்லை.

"உங்க பொண்ணு வயித்துக்குள்ள எது எங்க இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?" அவர் குரல் தாழ்ந்தது. "பேர் தெரியாத ஒரு அம்மா. செத்து, கேட்க ஆளில்லாம எங்க மேசைக்கு வந்தாங்க. அவங்ககிட்ட யாரும் சம்மதம் கேக்கல. கேட்டிருந்தா வேணாம்னுதான் சொல்லியிருப்பாங்க. அப்படி விட்டிருந்தா இன்னைக்குக் கெசையா இல்ல."

டார்கஸ், "உங்க அம்மா செத்தா கொடுப்பீங்களா?" என்று கேட்டாள்.

அவர் கோபப்படவில்லை. யோசித்தார். "கொடுக்கணும். என்னால முடியுமான்னு தெரியல. அதனாலதான் கேட்பாரில்லாதவங்கள எடுக்கிறது. அழறதுக்கு ஆள் இல்லாத இடத்துல எடுத்தா உலகத்துல மொத்த அழுகை குறையும்."

"ஒபதையாவே அழறாரே, டாக்டரய்யா."

சொல்லிவிட்டு அவள் எழுந்து வந்துவிட்டாள்.

ஒபதையா அந்த வாரமே ஒரு விடிகாலையில் இறந்தார். கடைசிவரை டார்கஸின் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் கிடந்தார். ட்ரஸ்காட் கூடத்துக்கு வந்து, எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார்: "செத்தவர் தன் உடம்பப் பத்தி ஏதாவது சொன்னாரா? கேட்டவங்க இருந்தா இப்பச் சொல்லுங்க."

டோபிட்டின் தலையணைக்கடியில் அதற்குள் ஒரு பொட்டலம் புகையிலை வந்து சேர்ந்திருந்தது. "என் காதுல எதுவும் விழல," என்றான். பிறகு எல்லோரும் டார்கஸைப் பார்த்தார்கள். அவள் கண்முன் கெசையா தெரிந்தாள், மடியில் பிள்ளையோடு. டார்கஸ் துணியை மடிக்கத் தொடங்கினாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. மதியத்துக்குள் வண்டி வந்து கிழவரை ஏற்றிக்கொண்டு போயிற்று. பள்ளியில் வேலை முடிந்தபின் மிச்சத்தைப் பெட்டியிலிட்டு, ஊருக்கு வெளியே புதிதாகத் திறந்த இடுகாட்டில் புதைத்தார்கள். ஜெமைமா ஆற்றோரத்தில் தனியாகவே கிடந்தாள்.

குளிர் தொடங்கியபோது ஒரு வண்டிக்காரனைத் தூக்கி வந்தார்கள். முழங்காலுக்குப் பின்னால் ரத்தக்குழாய் பந்தாக வீங்கித் துடித்துக்கொண்டிருந்தது. வெடித்தால் அந்த இடத்திலேயே சாவு. டார்கஸ் அவன் தோளை அழுத்திப் பிடித்துக்கொள்ள, அவன் தோல் வாரைக் கடித்துக்கொள்ள, ஹாலிஸ் தொடையைக் கீறி உள்ளே குழாயைத் தேடி எடுத்துக் கட்டினார். அவன் இரண்டாம் முறை அலறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. சில வாரங்களில் அவன் தன் காலாலேயே நடந்து வெளியேறினான். அவன் பெண்டாட்டி வாசலில் ஹாலிஸின் கைகளைப் பிடித்து முத்தமிட்டு அழுதாள். சுற்றிலும் நாலு பிள்ளைகள்.

ஹாலிஸ் டார்கஸிடம் வந்தார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. "அந்தக் குழாய் ஆளுக்கு ஆள் கொஞ்சம் இடம் மாறி ஓடும். ஒபதையா கால்லதான் நான் அதத் தெளிவாப் பார்த்தேன்," என்றார்.

அவளுக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அது பொய்யில்லை. அன்று இரவு ஒபதையா கிடந்த கட்டிலருகே உட்கார்ந்து தேநீரை ஆறவிட்டதும் பொய்யில்லை.

டோபிட்டுக்குப் புகையிலை தீர்ந்தது, வாய் திறந்தது. கிழவர் சொன்னதையும், தானும் டார்கஸும் விழுங்கியதையும், நோயாளிக் கூடத்திலிருந்து ஆண்கள் பக்கத்துக்கு மாறிப்போயிருந்த அவன் சாப்பாட்டுக் கூடத்தில் உரக்கவே சொல்லிவிட்டான். ஒரு மாலைக்குள் அது பெண்கள் பக்கத்துக்கும் போய்ச் சேர்ந்தது. வேணாம் என்று சொல்லியும் வெட்டினார்கள் என்பதுதான் எல்லோரையும் உலுக்கிற்று. அதுவரை சட்டத்தின் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் பலர் கண்ணை மூடியிருந்தார்கள்.

அந்தச் சமயம் பார்த்துப் புள்ளிக் காய்ச்சல் வந்தது. வேறு வருடமாக இருந்தால் காய்ச்சல் கண்டவர்கள் நோயாளிக் கூடத்துக்கு வந்திருப்பார்கள், தனியே படுத்திருப்பார்கள், பாதிப் பேராவது பிழைத்திருப்பார்கள். இந்த முறை ஒருவரும் வரவில்லை. உடம்பு கொதிக்கக் கொதிக்கக் விடுதியில் கொடுக்கும் பழங்கயிறு பிரிக்கும் வேலையில் உட்கார்ந்திருந்தார்கள். புள்ளி தெரியாமல் கழுத்துவரை துணியைச் சுற்றினார்கள். ஒருத்தி சுவரேறி வெளியே ஓடி, மீன்சந்தைப் படியில் செத்துக் கிடந்தாள். மறைத்து வைத்த காய்ச்சல் படுக்கைக்குப் படுக்கை தாவியது. காலையில் எழுப்பப் போனால் ஆள் விறைத்துக் கிடப்பது வழக்கமாகிவிட்டது.

ஹாலிஸ் இளைத்துப்போனார். காலியாகக் கிடந்த கட்டில்களுக்கு நடுவே நின்று, "நான் எல்லாத்தையும் எடைபோட்டேன், டார்கஸம்மா. பயத்த எடைபோடல," என்றார். பிறகு, "உங்களாலதான் முடியும். இனிமே யாரையும் எடுக்க மாட்டாங்கன்னு போய்ச் சொல்லுங்க," என்றார்.

"நெசமாவே எடுக்க மாட்டீங்களா?"

அவர் தடுமாறினார். "ட்ரஸ்காட் ஒத்துக்க மாட்டார். பள்ளியிலயும் கேப்பாங்க. ஆனா நீங்க சொன்னா அவங்க வருவாங்க. வந்தா பிழைப்பாங்க. ஒரே ஒரு பொய், எத்தனை உயிர்னு பாருங்க."

"அந்தக் கணக்கத்தான் முன்னாடியே ஒரு தடவ போட்டாச்சே, டாக்டரய்யா. அதோட மிச்சம்தான் இது." அவளுக்கே தன் குரல் புதிதாக இருந்தது. "நெசம்னா சொல்றேன். இல்லன்னா மாட்டேன்."

ஹாலிஸ் போய் ட்ரஸ்காட்டோடு சண்டை போட்டார், பள்ளியோடு சண்டை போட்டார். தானாக முன்வந்து கொடுத்தவரைத் தவிர இந்த விடுதியிலிருந்து எந்த உடலையும் என் மேசைக்கு ஏற்க மாட்டேன் என்று அறிவித்துவிட்டுத் திரும்பி வந்தார். மாணவர்கள் சிலர் அவரை விட்டு வேறு பள்ளிக்குப் போனார்கள். அது அவருக்குச் சின்ன அடியல்ல.

டார்கஸ் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய் நின்று சொன்னாள். ஆண்கள் பெண்கள் எல்லோரையும் அன்று அங்கே கூட்டியிருந்தார்கள். கஞ்சிக் கிண்ணங்களில் ஒரு கரண்டிகூட நிற்கவில்லை. அவள் சொல்லி முடித்ததும் டோபிட் எங்கேயோ பார்த்தபடி பேசினான்.

"நாம ரெண்டு பேரும் சேர்ந்துதானே அந்தாள வித்தோம்? நான் புகையிலைக்கு வித்தேன். நீ எதுக்கு வித்தேன்னு சொல்லிட்டு அப்புறம் வாக்குக் கொடு."

"என் பொண்ணுக்காக," என்றாள் டார்கஸ். "அவளக் காப்பாத்தின கைக்கு நன்றியா இருக்கட்டும்னு நினைச்சேன். அதோட, நிறையப் பேருக்கு நல்லது நடக்கும்னும் சொன்னாங்க. நடந்துச்சு, அதையும் பார்த்தேன். அந்த வண்டிக்காரன் நடந்து போனான்."

"யார் கால்ல நடந்து போனான்?" என்று யாரோ கேட்டார்கள். சிலர் சிரித்தார்கள். சுவரோரமாக உட்கார்ந்திருந்த தாமசின் என்ற பெண் கழுத்துவரை துணி சுற்றியிருந்தாள். அவள் கண்ணில் இருந்த பளபளப்பு டார்கஸுக்குத் தெரிந்த பளபளப்பு.

டார்கஸ் மேசையைப் பிடித்துக்கொண்டாள். "ஒபதையா கொடுக்காதத நான் எடுத்துக் கொடுத்தேன். அதத் திருப்ப முடியாது. என்னோடதக் கொடுக்கலாம். நான் செத்தா என்னை எடுத்துக்கட்டும். கேட்க எனக்கு மகள் இருக்கா, இருந்தாலும் எடுத்துக்கட்டும். நீங்க எல்லாருமே சாட்சி. உங்கள்ல ஒருத்தரத் தொட வந்தா, டார்கஸ் வாக்கு என்னாச்சுன்னு கேளுங்க."

கரண்டிகள் நின்றன. அவ்வளவுதான். யாரும் எழுந்து வந்து கட்டிக்கொள்ளவில்லை. ஆனால் மறுநாள் காலை தாமசின் சுவரைப் பிடித்துப் பிடித்து நோயாளிக் கூடத்து வாசலுக்கு வந்தாள்.

"உன்ன நம்பி வரல," என்றாள். "நிக்க முடியல, அதான்."

"அது போதும். படு."

தாமசின் பிழைத்துக்கொண்டாள். அவள் முழு உடம்போடு வெளியே வந்ததைப் பார்த்தபிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். இறந்தவர்களைச் சொன்னபடி வெட்டாமல், ஆற்றோர மண்ணிலேயே புதைத்தார்கள். கடைசிவரை வராமல் ஒளிந்தே செத்தவர்களும் இருந்தார்கள். டோபிட் அவர்களில் ஒருவன். "உன் கையால தண்ணி வேணாம்," என்று தேடிப்போன டார்கஸிடமே சொல்லிவிட்டுச் செத்தான்.

காய்ச்சல் ஓய்ந்துகொண்டு வந்த நேரத்தில் அது டார்கஸைப் பிடித்தது. கெசையா பிள்ளையை அண்டை வீட்டில் விட்டுவிட்டு ஓடிவந்தாள். அம்மா கூடத்தில் சொன்ன வார்த்தையை வாசலிலேயே யாரோ அவள் காதில் போட்டிருந்தார்கள்.

"என்னம்மா சொல்லித் தொலைச்ச? ஆளில்லாதவளா நீ? நான் வண்டி வச்சு உன்ன எடுத்துட்டுப் போவேன். என்னைத் தாண்டி உன்ன எவன் தொடறான்னு பார்க்கறேன்."

"சத்தம் போடாதடி. எல்லாரும் தூங்கறாங்க."

"தூங்கட்டும்! உன் வாக்கு, உன் உடம்பு. சரி. எனக்கு நீ அம்மா. அது யாரோடது? அந்த மேசையில உன்னப் போட்டு அவனுங்க சுத்தி நிக்கறத நான் ஆயுசுக்கும் கண்ணுல பார்த்துட்டு இருக்கணுமே. இதச் சொல்றதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

டார்கஸ் வெகுநேரம் கூரையைப் பார்த்தாள். "கேக்கலடி," என்றாள். "கேக்கணும்னே தோணல." பிறகு மகளின் கையைத் தேடிப் பிடித்தாள். "இப்பக் கேக்கறேன்."

கெசையா கையை உதறிக்கொண்டாள். அழுதாள். எழுந்து சன்னல் பக்கம் போய் நின்றாள். திரும்பி வந்து அம்மாவின் உதட்டை ஈரத்துணியால் துடைத்தாள். சரி என்று அவள் சொல்லவே இல்லை. டார்கஸ் அதற்குப்பின் நினைவில்லாமல் கிடந்து, பொழுது சாய்கிற வேளையில் போய்ச் சேர்ந்தாள்.

சட்டப்படி கெசையா ஒரு வார்த்தை சொன்னால் போதும், உடல் அவளுடையது. ஹாலிஸ் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு எதிரில் நின்றார். "நான் எதுவும் கேக்க மாட்டேன். கூட்டிட்டுப் போங்க," என்றார்.

கெசையா கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள். கட்டிலுக்குக் கட்டில் முகங்கள். தாமசின் வாசலில் நின்றாள். எல்லோரும் காத்திருப்பது அவளுக்குத் தெரிந்தது. அம்மாவை எடுத்துப்போனால் அவர்களில் யாரும் அவளைத் தப்பாக நினைத்திருக்க மாட்டார்கள். டார்கஸின் வாக்கும் பொய்த்தது என்று அடுத்த காய்ச்சலுக்கு மறுபடி துணியைச் சுற்றிக்கொண்டு ஒளிந்திருப்பார்கள், அவ்வளவுதான்.

"எடுத்துக்குங்க," என்றாள் ஹாலிஸிடம். "உங்களுக்காக இல்ல. உங்க பசங்களுக்காகவும் இல்ல. யாரும் சிரிச்சுப் பேசிக்கிட்டு நிக்கக் கூடாது. முடிஞ்சதும் என்னைக் கூப்பிடணும். நானே கூட நடந்து வந்து புதைப்பேன்."

ஹாலிஸால் அந்த உடலில் கத்தி வைக்க முடியவில்லை. வேறொரு ஆசிரியர் பாடம் நடத்தினார். ஹாலிஸ் பின்வரிசையில் மாணவனைப்போல நின்றிருந்தார். யாரும் சிரிக்காமல் பார்த்துக்கொண்டார். பிறகு பெட்டி வந்தது. கெசையா அதன் பின்னால் இடுகாடுவரை நடந்தாள். அவளோடு தாமசினும் விடுதிப் பெண்கள் சிலரும் நடந்தார்கள்.

அடுத்த வருடம் கெசையா மறுபடி பிள்ளை உண்டானாள். இடுப்பு வலி கண்டதும் புருஷன் ஹாலிஸை அழைத்துவரக் கிளம்பினான். கெசையா கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, "அந்தக் கை வேணாம்," என்றாள். மருத்துவச்சியைக் கூட்டி வந்தார்கள். நெடுநேரம் கஷ்டப்பட்டாள். பிள்ளை தங்கவில்லை, அவள் மட்டும் பிழைத்தாள். ஹாலிஸ் வந்திருந்தால் தங்கியிருக்குமா என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அவளிடம் யாரும் கேட்கவில்லை. அவளும் அதைப்பற்றி யாரிடமும் பேசியதில்லை.